சிவப்பணு மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். பெரும் விபத்திலோ பிரசவத்திலோ ஒருவருக்குக் கட்டுக்கடங்காமல் ரத்தம் போகும்போது, போன அளவுக்கு ரத்தம் ஏற்றிவிட்டால் போதும் என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் ரத்த வங்கியிலிருந்து வருவது பெரும்பாலும் முழு ரத்தம் அன்று, சிவப்பணுக்களை மட்டும் பிரித்தெடுத்த பை. காயத்தை அடைக்கும் தட்டணுக்களும் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களும் அதில் ஏறத்தாழ இல்லை. அதை மட்டுமே அடுத்தடுத்து ஏற்றினால், உடலில் எஞ்சியிருக்கும் உறைதல் திறனும் நீர்த்துப்போய், ஏற்றிய ரத்தமும் காயத்தின் வழியே வெளியேறிவிடும்.

24 மணி நேரத்தில் 10 பைகள் தேவைப்படுவதையே பெருமளவு ரத்தமேற்றம் என்பது பழைய வரையறை. பத்தாவது பை வரை காத்திருந்தால் நோயாளி தப்ப மாட்டார். முதல் பையிலிருந்தே உறைதலைக் காக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 680 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பிளாஸ்மா (உறைதல் புரதங்கள் அடங்கிய ரத்தத்தின் நீர்ப்பகுதி), தட்டணு, சிவப்பணு மூன்றையும் சம விகிதத்தில் பெற்றவர்களிடையே, ஒட்டுமொத்த இறப்பு தெளிவாகக் குறையவில்லை எனினும், முதல் நாளில் ரத்தப்போக்காலேயே இறந்தவர்கள் குறைவாக இருந்தனர்.

எளிதில் மறந்துபோகும் இரண்டைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பையிலுள்ள ரத்தம் கட்டியாகாதிருக்கச் சிட்ரேட் சேர்க்கிறார்கள். அது நோயாளியின் உடலுக்குள் சென்றதும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் இன்றி ரத்தம் உறையாது, இதயமும் தளரும். வழக்கமாகச் சிட்ரேட்டைச் சிதைக்கும் கல்லீரலும் அந்நேரம் ரத்தவோட்டம் குன்றித் தவிப்பதால், கால்சியத்தை அடிக்கடி அளந்து ஈடுசெய்வது கட்டாயம். மற்றொன்று வெப்பம். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்து வருவது. அதைச் சூடேற்றாமல் ஏற்றினால் உடல் குளிர்ந்து, உறைதலுக்கான நொதிகளும் தட்டணுக்களும் மந்தமாகிவிடும்.

உறைதல் புரதங்களில் முதலில் தீர்ந்துபோவது ஃபைப்ரினோஜன். பிரசவ ரத்தப்போக்கில் அது லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே இறங்க விடலாகாது. உருவான உறைவு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தையோ, காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2010இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, இம்மருந்து இறப்பைக் குறைப்பதைக் காட்டியது.

ரத்தம் நின்ற பிறகு நிலைமை தலைகீழாகிறது. உறையாமல் தவித்த அதே நோயாளிக்கு அடுத்த சில நாட்களில் கால் சிரைகளில் ரத்தக்கட்டி உருவாகலாம். ஆகவே அதைத் தடுக்கும் மருந்தை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவக் குழு அன்றாடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.