வேலையோடு பொறுப்பும் கப்பலேற வேண்டும்

(காரைக்குடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

கடல் கடந்து பிழைப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் முதலாளிக்காக வட்டிக்கடை பார்க்கப் போன ஏஜண்டுக்கு மூன்றாண்டுத் தவணை. சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று இங்கேயே பேசி முடித்துத்தான் அவர் கப்பலேறினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைகளின் கதை வேறு. அவர்கள் ஆள் சேர்க்கும் கங்காணியின் கடனில் கட்டுண்டு போனார்கள். கடன் தொகையை எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றப்பட்டார்கள். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. நம் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களை விருந்தினருக்குப் பெருமையோடு காட்டுகிறோம், காட்டலாம். அந்தக் கூலிகளையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இன்று ஆள் மட்டும் கடல் கடக்கவில்லை, வேலையே கடக்கிறது. கூலி குறைந்த நாட்டுக்கு வேலை போவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன்; அதனால் அடுப்பெரியும் வீடுகள் ஏராளம். ஆனால் வேலையை அனுப்புகிறவர்கள் அதற்குரிய பொறுப்பைத் தங்கள் நாட்டு எல்லையிலேயே இறக்கி வைத்துவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா என்றொரு எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்துக் கடைகளும் வங்கியும் உடனே மூடப்பட்டன. மேலே இருந்த தையல் ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்ற மிரட்டல் வேறு. கட்டடம் சரிந்தது. 1,134 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். இடிபாட்டில் மேலைநாட்டு நிறுவனங்களின் பெயர் தைத்த துணிப்பட்டைகள் கிடந்தன. வங்கி ஊழியரின் உயிருக்குக் கிடைத்த மதிப்பு தையல்காரியின் உயிருக்கு ஏன் கிடைக்கவில்லை? விரிசலைப் பார்த்தபின் "நான் வரமாட்டேன்" என்று சொல்லும் வலு அவளிடம் இல்லை. மறுத்துச் சொல்ல முடியாதவர்களைத் தேடித்தான் இந்த வேலை நாடுவிட்டு நாடு போகிறது என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். சில வாரங்களுக்குள், துணி வாங்கும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. கட்டடங்கள் சோதிக்கப்பட்டன, அவசர வழிகளில் பூட்டுகள் அகன்றன. 2017இல் பிரான்ஸ், தன் பெரிய நிறுவனங்கள் அயல்நாட்டு ஒப்பந்ததாரர் வரை கண்காணிக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. வாங்குகிறவனைப் பிடித்தால் வழி பிறக்கிறது!

வங்கதேசம்தானே என்று இருந்துவிடாதீர்கள். திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று சொல்லி, கொங்குப் பகுதி நூற்பாலைகள் சில ஏழைப் பெண்களை மூன்றாண்டு விடுதிக்குள் அடைத்த சுமங்கலித் திட்டத்தை மறக்க முடியுமா? நடுவில் வெளியேறியவளுக்கு அந்தத் தொகை இல்லை. அந்த நூலும் கப்பலேறத்தான் செய்தது.

இப்போது தம்பிகளுக்கு. 2022இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிக்குக் கடத்தினார்கள். இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைக் கொடுத்து, மறுத்தவர்களை அடித்தார்கள். நம் முன்னோர் கணக்கெழுதிய அதே பர்மா!

ஆகவே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜண்டிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு செய்திருக்க வேண்டும்; மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இலட்சக்கணக்கில் கேட்டாலோ, "சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். 1978 முதல் தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றை நடத்துகிறது. அதன் பெயர் நம் கிராமங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உரிமம் பெற்ற ஏஜண்டுகளின் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். அது வாசலுக்கருகே மேசையில் இருக்கிறது. பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் தாய்மார்கள் முதலில் கையெழுத்திடுங்கள்.