பொட்டாஷும் செம்புக் குடமும்

(கும்பகோணத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பாதி வீடுகளில் திண்ணையோரம் பொட்டாஷ் உர மூட்டை இருக்கும். பூஜை அறையில் செம்புக் குடம் இருக்கும். பொட்டாஷில் இருப்பது பொட்டாசியம். அதுவும் செம்பும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்க்க இன்றைக்கு அந்த இரண்டும் போதும்.

பொட்டாசியத்தின் எலக்ட்ரான் அமைப்பு, உள்கூட்டிலிருந்து வெளிக்கூடு வரை, 2, 8, 8, 1. செம்புக்கு 2, 8, 18, 1. தனிம அட்டவணையில் இரண்டும் நாலாவது வரிசை. வெளிக்கூட்டில் இரண்டுக்கும் ஒரே ஓர் எலக்ட்ரான். தனிம அட்டவணை தந்த மெண்டலீவ்கூட 1871இல் செம்பைப் பொட்டாசியம் இருக்கும் முதல் தொகுதியிலும் எழுதினார். எங்கள் காலத்தில் பொட்டாசியம் 1ஏ, செம்பு 1பி என்று படித்தோம்.

வெளி எலக்ட்ரானை வைத்தே குணம் என்றால், செம்பும் பொட்டாசியம் மாதிரி தண்ணீர் பட்டதும் ஊதா நிறத்தில் எரியாவிட்டாலும், கொஞ்சமாவது பொங்க வேண்டுமே? ராத்திரி முழுக்கக் குடத்தில் தண்ணீர் கிடக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. நாளானால் களிம்பு ஏறும். புளி போட்டுத் தேய்த்தால் அதுவும் போய்விடும்.

விஷயம் உள்ளே இருக்கிறது. பொட்டாசியத்தைவிடச் செம்பின் கருவில் பத்துப் புரோட்டான் அதிகம். கூடவே வந்த பத்து எலக்ட்ரான்களும் மூன்றாவது கூட்டில், 3டி ஆர்பிட்டால் என்கிற இடத்தில் போய் உட்காருகின்றன. கருவின் இழுப்பை மறைப்பதில் இந்த டி எலக்ட்ரான்கள் ரொம்ப மட்டம். பழைய கீற்றுக் கொட்டகைக்குள் வெயில் இறங்குகிற மாதிரி, இழுப்பு கடைசி எலக்ட்ரான் வரை எட்டிவிடுகிறது. அதைப் பிய்த்தெடுக்கப் பொட்டாசியத்தில் மோலுக்கு 419 கிலோஜூல் போதும். செம்பில் 745 வேண்டும். வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த டி எலக்ட்ரான்கள் உலோகப் பிணைப்பிலும் கைகொடுக்கின்றன. பொட்டாசியத்தைக் கத்தியால் நறுக்கலாம். 64 டிகிரிக்குள் உருகிவிடும். செம்புக்கு 1085 டிகிரி. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்களின் உலைக்கு அவ்வளவு கரி ஏன் ஆகிறது என்று இப்போது புரியும்.

முன்வரிசையில் ஒரு அய்யா கேட்டார்: "அப்போ வயல் தண்ணியில போடுற பொட்டாஷ் ஏன் எரியல?" நல்ல கேள்வி. மூட்டையில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. அந்த ஒற்றை எலக்ட்ரான் எப்போதோ குளோரினிடம் போய்விட்டது. மிச்சம் 2, 8, 8, அதாவது ஆர்கானின் அமைப்பு. நெல்லின் வேர் உறிஞ்சுவது இந்த அயனியைத்தான். 1807இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் காஸ்டிக் பொட்டாஷில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு; நம் உரம் அல்ல, அது வேறு) மின்சாரம் செலுத்தி அந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தார். உலோகத் துளிகள் வந்தன. சில அங்கேயே வெடித்து எரிந்தன.