வெப்பக் கோடுகள் போட்ட பத்தமடைப் பாய்

வணக்கம் மக்களே! பாய் வந்துவிட்டது! போன வீடியோவிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இதோ விரிக்கிறேன், பாருங்கள். அசல் பத்தமடைக் கோரைப்பாய். இடது ஓரம் நீலம், நடுவில் வெளிறி, வலது ஓரம் போகப் போக ரத்தச் சிவப்பு.

இவை வெப்பக் கோடுகள். ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் உருவாக்கியது. ஒரு கோடு ஒரு வருஷம். உலகம் சராசரியாகக் குளிர்ந்திருந்த வருஷம் நீலம், சூடான வருஷம் சிவப்பு. 1850இல் தொடங்குகிறது. எண் இல்லை, எழுத்து இல்லை. எங்கள் ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. பாயைப் பார்த்ததும் சிவப்புப் பக்கம் விரலை வைத்து, "உன் பிள்ளைகள் காலம் இதற்கும் அந்தப் பக்கமா?" என்று கேட்டார்.

இந்த நீலம் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! டவுனில் சாயப் பொட்டலம் 180 ரூபாய். நான்கு நீலம் வேண்டுமென்றால் நான்கு பொட்டலம் வாங்கத்தான் வேண்டும் என்று கடைக்கார அண்ணாச்சி ஒரே பிடியாக நின்றார். 720 ரூபாய், நீலத்துக்கு மட்டும்! பாய் நெய்யும் அக்காதான் வழி சொன்னார். ஒரே பொட்டலம், ஒரே கொதி. ஒவ்வொரு பிடிக் கோரையையும் வெவ்வேறு நேரத்தில் வெளியே எடுத்தால் போதும். நான்கு நீலமும் வந்துவிட்டன. 540 ரூபாய் மிச்சம்! ஆ, சாயத்துக்கு முந்தைய வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். நம் தாமிரபரணி இல்லாமல் இந்தப் பாய் இல்லை.

அந்தத் தாமிரபரணிதான் 2023 டிசம்பரில் ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது அதையும் சேர்த்துக் கொட்டும். காலநிலை என்றதும் சுவர்களில் உலக உருண்டையை இரண்டு கைகள் ஏந்தியபடி வரைகிறார்களே, அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல். யாரிடம் எதைக் கேட்கிறது அந்தப் படம்?

சிற்பி ஜேசன் டிகெய்ரஸ் டெய்லரைப் பாருங்கள். 2015இல் லண்டன் தேம்ஸ் ஆற்றுக்குள் நான்கு குதிரைச் சிலைகளை நிறுத்தினார். குதிரைகளின் தலைகள் எண்ணெய்க் கிணற்றில் இறைக்கும் எந்திரத்தின் வடிவம். ஆற்றில் நீர் ஏறும்போது மூழ்கின, வற்றும்போது வெளியே தெரிந்தன. எங்கே வைத்தார்? நாடாளுமன்றத்தின் கண்ணில் படும் இடத்தில்! சட்டம் போடுகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று வைத்தார். எனக்குப் பிடித்தது அந்தத் துணிச்சல்தான்.

ஆகவே இந்தப் பாய் என் வீட்டுச் சுவரில் தொங்கப்போவதில்லை. திங்கட்கிழமை நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். பாயோடு மனுவும் வரும். குளங்களும் ஓடைகளும் எந்த மாதத்துக்குள் தூர்வாரப்படும், ஆக்கிரமிப்புகள் எப்போது அகலும், நிலக்கரி மின்சாரம் எந்த வருஷம் எவ்வளவு குறையும்? மூன்றுக்கும் தேதி கேட்டிருக்கிறேன். மாவட்டத்தால் முடியாததை அரசுக்கு அனுப்பச் சொல்லியும் எழுதியிருக்கிறேன். சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நகல் தயார்.

கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள், மனுப் பதிய வரிசை நீளும். வெள்ளம் உங்கள் வீட்டில் எதுவரை ஏறியது என்று காட்டும் படம் இருந்தால் அச்சுப் போட்டு எடுத்து வாருங்கள். மனுவோடு இணைத்துவிடுவேன்.