மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு

("வெளியூருக்குக் குடிபெயரும் குடும்பம் கடைசி மாதத்தைக் கழிக்க வேண்டியது ஊர் சுற்றியா, உறவுகளோடு வீட்டிலா?" என்ற பட்டிமன்றத்தில், 'ஊர் சுற்றியே' என்ற அணிக்காக மதுரையில் பேசிய உரை)

நடுவர் ஐயா அவர்களுக்கும், ராத்திரிச் சாப்பாட்டை முடிச்சுட்டுப் பாயோட வந்து இடம் பிடிச்சிருக்கிற தாய்மார்களுக்கும், பின்னாடி பைக்கை விட்டு இறங்காமலே பட்டிமன்றம் கேட்கிற தம்பிகளுக்கும் என்னுடைய வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் கடைசியா ஒரு போடு போட்டுட்டு உக்காந்தாரு. "அழகர்மலை எங்கேயும் ஓடிப்போகாது. அம்மா அப்பாதான் காலத்துக்கும் இருக்க மாட்டாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி இருக்கிற ஒரு மாசம் வீட்டுல பெரியவங்களோட இருங்க"ன்னாரு. பந்தலே அதிர்ந்துச்சு. நானும் சேர்ந்து கைதட்டிட்டேன். எங்க அணித் தலைவர் முறைச்ச முறைப்புலதான் நிறுத்தினேன்.

சரிங்கய்யா, அந்த ஒரு மாசம் வீட்டுல என்ன நடக்கும்? பெங்களூருக்கு மாத்தலாகிப் போறோம்னு சொன்ன மறுநாளே விருந்து ஆரம்பிச்சிரும். சித்தி வீட்டுல கறிச்சோறு, மாமா வீட்டுல கறிச்சோறு, சம்பந்தி வீட்டுல மறுபடியும் கறிச்சோறு. எல்லா வீட்டுலயும் கேள்வி நாலே நாலுதான். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, தண்ணி வசதி எப்படி, பையனுக்கு ஸ்கூல்ல சீட்டு கிடைச்சிருச்சா. இலையை மடிச்சதும் அவங்க சீரியலுக்குப் போயிருவாங்க, நாம போனுக்குப் போயிருவோம். இதுக்குப் பேரு உறவோட இருக்கிறதாண்ணே?

எங்க நாத்தனார் குடும்பம் ஓசூருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வேன் பிடிச்சோம். அப்பத்தாவையும் தூக்கி உக்கார வச்சாச்சு. போன இடம் ஊட்டியும் இல்லை, கொடைக்கானலும் இல்லை. தேனி ரோட்டுல நாகமலைப் புதுக்கோட்டையில இடது பக்கம் திரும்பினா வர்ற கீழக்குயில்குடி. சமணர் மலை. மலையடிவாரத்துல அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக்குளம். இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல எத்தனை பேரு அந்த மலை ஏறியிருக்கீங்க? கையைத் தூக்குங்க பாப்போம். பாருங்க ஐயா, பைக் மேல இருக்கிற தம்பிங்கதான் தூக்குறாங்க. அவங்களும் எதுக்குப் போனாங்கன்னு நான் கேக்கலை.

பாறையிலயே படி வெட்டியிருக்காங்க, பிடிச்சு ஏறக் கம்பியும் இருக்கு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஏறிட்டா பேச்சிப்பள்ளம்னு ஒரு இடம் வரும். பாறைச் சரிவுல தீர்த்தங்கரர்களை, அதாவது சமணர்கள் கும்பிடுற பெரியவங்களை, வரிசையாச் செதுக்கி வச்சிருக்காங்க. தலைக்கு மேல பாம்பு படமெடுத்து நிக்கிற பார்சுவநாதர். அந்தத் திருமேனிகளுக்கு அடியில வட்டெழுத்து, நம்ம பழைய தமிழ் எழுத்து. என் பையன் எட்டாவது படிக்கிறான், பாடம்னா ஓடுவான். அவன் அந்தப் பாறை முன்னாடி குத்தவச்சு உக்காந்து, "என்னம்மா எழுதியிருக்கு?"ன்னு கேக்குறான். இன்னார் செய்வித்த திருமேனின்னு போட்டிருக்குடான்னேன். "அப்ப நம்ம கோயில் டியூப் லைட்டுல உபயம்னு எழுதுற மாதிரியா?" ஆமாடா, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின உபயம்தான்னேன். எங்க நாத்தனார் மகள், அவளும் அதே வயசுதான், அங்கயே சண்டைக்கு வந்துட்டா. "இவ்வளவு பக்கத்துல இது இருக்குன்னு ஊரை விட்டுப் போறப்பதான் சொல்றீங்களா?" அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை ஐயா. எதிரணியில யாராவது வச்சிருந்தா சொல்லட்டும்.

இதுக்கு நடுவுல அப்பத்தாவை மறந்துட்டோம். அவங்களால ஏற முடியாதுன்னு கீழ ஆலமர நிழல்ல உக்கார வச்சுட்டுப் போயிருந்தோம். இறங்கி வந்து பாத்தா, பக்கத்துல பூ கட்டிக்கிட்டு இருந்த அம்மாவோட இவங்களும் சேர்ந்து கதம்பம் கட்டிக்கிட்டு இருக்காங்க. "நீ எந்த ஊரு?"ன்னு ஆரம்பிச்சு, செக்கானூரணிக்குப் போய், அங்க ஒரு பெரியாத்தா வழியாத் திரும்பி வந்து, அந்தம்மா எங்க அப்பத்தாவுக்கு ஒண்ணுவிட்ட மதினி முறை வேணும்னு கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. உறவோட இருங்கன்னு சொல்றீங்களே அண்ணே, வீட்டுக்குள்ளயே இருந்திருந்தா இந்த உறவு கிடைச்சிருக்குமா? திரும்பி வர்ற வழி பூரா அப்பத்தா பேச்சு ஓயலை. அவங்க கல்யாணமாகி மாட்டுவண்டியில வந்த பாதை, எந்தக் கிணத்துல தண்ணி குடிச்சாங்க, எங்க வண்டி அச்சு முறிஞ்சது. இத்தனை வருஷம் அதே வீட்டுல இருக்கோம், இதுல ஒண்ணுகூட நாங்க கேட்டது கிடையாது. ஜன்னலோரம் உக்கார வச்சாத்தான் பெரியவங்க வாயைத் திறக்கிறாங்க.

அடுத்தது, மலை ஓடிப்போகாதுன்னாரே, அதுக்கு வர்றேன். இதை நான் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல முடியாது.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்ச ஊரு. மலையைக் குடைஞ்சு செஞ்ச சிவன் கோயில், அதுல சிவனோட அவதாரம்னு சொல்ற லகுலீசர் சிற்பம், இன்னொரு பக்கம் தமிழ்-பிராமின்னு சொல்ற தமிழி கல்வெட்டு, பாறை இடுக்குல கூடு கட்டுற ராஜாளி. அறிவிச்சு ரெண்டே வருஷம். 2024 நவம்பர்ல அந்த மலையையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிஞ்சுதுன்னு செய்தி வருது. 2025 ஜனவரியில மேலூர் சனம் நரசிங்கம்பட்டியில இருந்து மதுரை டவுன் தல்லாகுளம் வரைக்கும் நடந்துச்சு. ஆயிரக்கணக்குல நடந்துச்சு. அதே மாசம் ஏலத்தை ரத்து பண்ணினாங்க. மலை தங்குச்சு, ஆனா தானாத் தங்கலை. கீழவளவுப் பக்கம் போய்ப் பாருங்க, மலை இருந்த இடத்துல கிரானைட் குழிதான் தண்ணி தேங்கிக் கிடக்கு. மதுரைக்காரங்ககிட்ட வந்து மலை ஓடிப்போகாதுன்னு சொல்லலாமாண்ணே? லாரியில ஏறிப் போனதைப் பாத்த ஊரு இது.

அரிட்டாபட்டிக்காக நடந்தவங்க எல்லாரும் அந்த மலையைத் தினமும் பாத்தவங்க. அதுல ஏறினவங்க, அந்தச் சுனைத் தண்ணியைக் குடிச்சவங்க. டவுனுக்குள்ள இருந்துகிட்டு ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காத என்னை மாதிரி ஆளு அன்னைக்குச் செய்தியைப் பாத்து "அடடா"ன்னுட்டு சேனலை மாத்தியிருப்பேன்.

மூணாவது பேசின அம்மா ஒரு கணக்குப் போட்டாங்க. டி.சி. வாங்கணும், கேஸ் கனெக்‌ஷன் மாத்தணும், சாமான் கட்டணும், இதுல சுத்துறதுக்கு நேரமும் காசும் ஏதுன்னாங்க. அம்மா, அழகர்கோயிலுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் டவுன் பஸ் போகுது. 2021-ல இருந்து நமக்கு அதுல டிக்கெட்டே கிடையாது. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் எடுக்கணும், அவரை வீட்டுல சாமான் கட்டச் சொல்லிட்டுப் போயிரலாம். நூபுர கங்கையில தலையை நனைச்சு, கீழ வந்து அழகர்கோயில் தோசையைப் பிட்டு வாயில போட்டா, அரிசியும் உளுந்தும் மிளகும் நெய்யும் சேர்ந்து அடை கனத்துக்கு இருக்கும், அதுலயே அரை நாள் பசி தாங்கும். சிலைமான் தாண்டினா கீழடி. 2023-ல திறந்த அருங்காட்சியகம், வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து பாக்குறாங்க. நாம? வெளியூர் விருந்தாளி வந்தா மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசல்ல இறக்கி விட்டு, "நல்லாப் பாத்துட்டு வாங்க, முடிச்சதும் போன் பண்ணுங்க"ன்னு சொல்ற ஆளுங்க. 1636-ல கட்டின திருமலை நாயக்கர் மகாலுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருந்துகிட்டு ஒலி-ஒளிக் காட்சி பாக்காதவங்க இந்தப் பந்தல்ல பாதிப் பேரு இருப்பீங்க.

காரு இருக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். வேற எங்க போகாட்டியும் தேனி ரோட்டுல ஒரு நாள் போயிட்டு வாங்க. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கினா மேற்கு மலை சுவர் எழுப்பின மாதிரி நிக்கும். வைகை அணை, 1959-ல திறந்தது, 71 அடி. தினமும் பேப்பர்ல நீர்மட்டம் பாக்குறோமே, அந்த 71 அடி. அங்கயே பூங்காவைப் பாத்துட்டுத் திரும்பிராதீங்க. கம்பம் தாண்டி லோயர் கேம்ப் வரைக்கும் போங்க. வெள்ளைக்கார இன்ஜினியர் பென்னிகுயிக் கட்டின முல்லைப் பெரியாறு அணை 1895-ல திறந்தது. மேற்க ஓடிக் கடல்ல கலக்க வேண்டிய தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்க திருப்பினாரு. குமுளி மலைப்பாதையில ஏறும்போது பாத்தீங்கன்னா, ராட்சதக் குழாய்கள் மலை மேல இருந்து கீழ மின் நிலையத்துக்கு இறங்கும். அந்தத் தண்ணிதான் கம்பம் பள்ளத்தாக்குல நெல்லு விளைவிச்சு, வைகையில சேர்ந்து, பேரணையில வாய்க்காலாப் பிரிஞ்சு மேலூர் வரைக்கும் போகுது. நம்ம வீட்டுக் குழாயில வர்ற வைகைத் தண்ணியிலயும் அது கலந்திருக்கு. அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கே பென்னிகுயிக்னு பேரு வைக்கிறாங்க, அவரு பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறாங்க. இத்தனை வருஷம் குடிச்ச தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு பாக்காம மதுரையை விட்டுப் போறது நன்றி கெட்ட வேலைன்னு நான் சொன்னா, எதிரணி கோவிச்சுக்கும். கோவிச்சுக்கட்டும்.

நடுவர் ஐயா மணி மேல கை வைக்கிறாரு. இருங்கய்யா, அந்த அம்மாவோட கடைசி வாதத்துக்கு மட்டும் பதில் சொல்லிர்றேன். "லீவுக்கு வர்றப்ப இதையெல்லாம் பாத்துக்கலாம்"னாங்க. போனவங்க வர்றதை நாம பாக்கலையா? தீபாவளிக்கு விடிகாலையில மாட்டுத்தாவணியில வந்து இறங்குவாங்க. அன்னைக்குத் துணி, பலகாரம். மறுநாள் கறி விருந்து. அடுத்த நாள் சாயங்காலம் திரும்பவும் பஸ்ஸு. அடுத்து எப்ப வருவாங்க? மாமா மகள் சடங்குக்கு, சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு, பேத்தி காதுகுத்துக்கு. மண்டபத்துல மொய் எழுதிட்டு, பந்தியில சாப்பிட்டு, "லீவு இல்லை"ன்னு ஓடுவாங்க. சொந்தக்காரங்களைப் பாக்கத் தீபாவளி இருக்கு, பொங்கல் இருக்கு, வருஷத்துக்கு நாலு பத்திரிகை வந்துகிட்டே இருக்கு. சமணர் மலை என்னைக்காவது நமக்குப் பத்திரிகை வச்சிருக்கா ஐயா? அதுக்கு இருக்கிறது கிளம்புறதுக்கு முந்தின இந்த ஒரு மாசம்தான்.

அடிச்சுட்டீங்க. சரி, உக்காந்துடறேன். தீர்ப்பை எங்க பக்கம் சொல்லிட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களும் குடும்பத்தோட வேன்ல ஏறிக்கங்க ஐயா, முன் சீட்டு உங்களுக்குத்தான். நன்றி, வணக்கம்.