எய்டு வேணுமான்னு கேட்டா 'நோ' போடாதீங்க

வணக்கம் மக்களே, லைப்ரரி டெஸ்க்ல ஷிஃப்ட் முடிச்சுட்டு இப்பதான் ரூமுக்கு வந்தேன், குரல் கொஞ்சம் கம்மியிருக்கும், பொறுத்துக்கோங்க. டார்ம் டூர் போடறேன்னு சொல்லியிருந்தேன்ல, அது அடுத்த வாரம். ஒரு ப்ளஸ் டூ தம்பி கேட்டிருந்தான், "அக்கா, அமெரிக்கா காலேஜுக்கு அப்ளை பண்ற காமன் ஆப் ஃபார்ம்ல ஃபைனான்ஷியல் எய்டு, அதான் பண உதவி, வேணுமான்னு கேக்குது, நோ போட்டா சீட் ஈஸியா கிடைக்கும்னு கன்சல்டன்சில சொல்றாங்க, போடட்டுமா"ன்னு. தம்பி, வீட்ல நாலு வருஷத்துக்கும் காசு கையில இல்லன்னா போடாத. அதுக்காகத்தான் மத்ததெல்லாம் விட்டுட்டு இந்த வீடியோ.

கன்சல்டன்சி சொல்றது முழுப் பொய்னும் சொல்ல முடியாது. வெளிநாட்டு பிள்ளைங்க எய்டு கேட்டாலும் அதைப் பாக்காம அட்மிஷன் முடிவு பண்ற காலேஜ் அமெரிக்கால ரொம்ப கொஞ்சம், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடன்னு விரல்விட்டு எண்ணிடலாம். மத்த இடம் பெரும்பாலும் நீட் அவேர், அதாவது உனக்கு எவ்ளோ காசு தேவைன்னு பாத்துட்டுதான் சீட் தருவாங்க. அதனால நோ போட்டா சில இடத்துல சான்ஸ் கூடுறது உண்மைதான். ஆனா அவங்க சொல்லாம விடறது ஒன்னு இருக்கு, நிறைய காலேஜ்ல வெளிநாட்டு பிள்ளைங்க சேரும்போது எய்டு கேக்கலன்னா அப்புறம் நாலு வருஷத்துக்கும் கேக்கவே முடியாது. இது அந்தந்த காலேஜோட எய்டு பேஜ்லயே எழுதியிருக்கும், யாரும் அவ்ளோ கீழ போய் படிக்கிறதில்ல.

இதை ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, பக்கத்து ரூம்ல திருப்பூர் பொண்ணு ஒருத்தி இருக்கா, அவகிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன், பேரு வேணாம். அப்பா பவர் டேபிள், அதான் தையல் மெஷின், வச்சு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் வொர்க் பண்றவர். வீட்டு மேல லோன் எடுத்து, முதல் வருஷத்துக்கு காசு இருக்குன்னு காட்டி, விசாவுக்கு காலேஜ் தர்ற ஐ-20 ஃபார்ம் வாங்கி, நோ போட்டுத்தான் வந்தா. மீதி மூணு வருஷம் ஆர்டர்ல ஓட்டிக்கலாம்னு நம்பிக்கை. 2025 ஆகஸ்ட்ல இந்திய சரக்குக்கு அமெரிக்கால 50 சதவீதம் வரி போட்டாங்க, அப்பாவுக்கு வந்துட்டிருந்த வேலை நின்னு போச்சு, இவ ரெண்டாவது வருஷம் ஆரம்பிச்சு ஒரு வாரம்கூட ஆகல. எய்டு ஆபீஸ்ல போய் அழுதா. ரூல் ரூல்தான்னு சொல்லி ஒரே ஒரு தடவை எமர்ஜென்சி ஃபண்ட்ல கொஞ்சம் குடுத்தாங்க, அவ்ளோதான்.

இந்த ஊரு பிள்ளைங்களுக்கு இப்படி ஆச்சுன்னா கவர்மென்ட்கிட்ட உதவி கேக்கற எஃப்ஏஎஃப்எஸ்ஏ ஃபார்ம் இருக்கு, கவர்மென்ட் கிராண்ட், கவர்மென்ட் லோன்னு ஏதாவது ஒரு வழி இருக்கும். எஃப்-1 ஸ்டூடண்ட் விசால வந்த நமக்கு அதுல ஒன்னுகூட கிடையாது. சரி, கொஞ்சம் கோர்ஸ் குறைச்சு பீஸ் மிச்சம் பண்ணலாம்னா அதுவும் முடியாது, யூஜில ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்கு கீழ போனா விசா ஸ்டேட்டஸே போயிடும். செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள்ள வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. பிரைவேட் லோனுக்கு பெரும்பாலும் சிட்டிசனோ கிரீன் கார்டுகாரரோ ஒருத்தர் கையெழுத்து போடணும், நமக்கு யாரு போடுவா?

ஸ்காலர்ஷிப் கிடைச்சவங்களுக்கும் ஒன்னு சொல்லிடறேன், எனக்கு முதல் செமஸ்டர்ல நடந்தது. ஸ்காலர்ஷிப்ல டியூஷனுக்குப் போற காசுக்கு டேக்ஸ் இல்ல, ஆனா ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் போற பங்குக்கு 14 சதவீதம் பிடிப்பாங்க. 10,000 டாலர்னா 1,400 டாலர், அது என் பில்லுல வந்து நின்னப்ப கை நடுங்கிடுச்சு. இந்தியா அமெரிக்கா டேக்ஸ் ஒப்பந்தத்துல நம்ம ஸ்டூடண்ட்ஸுக்கு, வருமானத்துல ஒரு பங்கை கழிச்சுட்டு டேக்ஸ் போடற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு, ரிட்டர்ன் ஃபைல் பண்ணா கொஞ்சம் திரும்ப வரும், ஆனா முதல்ல கட்டியாகணும். அதனால சேர்றதுக்கு முன்னாடியே மெயில் போட்டு எவ்ளோ பிடிப்பீங்கன்னு கேட்டுடுங்க, கேக்கறதுல வெக்கமே படாதீங்க.

தம்பி, உனக்கு ஜனவரி டெட்லைன்னா இப்பவே அப்பாவோட ஐடிஆர், தாசில்தார் ஆபீஸ் வருமான சர்டிபிகேட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்து வை. எய்டுக்காக வீட்டு வருமானம் கேக்கற சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் ஃபார்முக்கு முதல் காலேஜுக்கு 25 டாலர், அடுத்தடுத்து ஒவ்வொன்னுக்கும் 16 டாலர், பத்து காலேஜ் போட்டா அதுவே பெரிய காசு. கட்ட முடியலன்னா காலேஜுக்கு எழுதிக் கேளு, வேற ஃபார்ம் வாங்கிக்கற இடமும் இருக்கு.

அந்த திருப்பூர் பொண்ணுக்கு இன்னும் ஒரு வழி மிச்சம் இருக்கு. ஒரு வருஷம் முழுசா படிச்சு முடிச்சவங்களுக்கு, படிக்க வைக்கிறவங்களோட வருமானம் திடீர்னு விழுந்துட்டா, கேம்பஸுக்கு வெளிய வேலை பாக்க பர்மிஷன் கேக்கலாம். அதுக்கு ஐ-765னு ஒரு ஃபார்ம். நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து அப்பாவோட ஆர்டர் கேன்சல் மெயில் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து சேத்து வச்சோம். அனுப்பிட்டா. பதில் வந்ததும் உங்களுக்கு சொல்றேன்.