163ஆம் பக்கம்

[திரையில்: ஒரே ஒரு பக்கம் கிழிக்கப்பட்ட தடித்த புத்தகம்]

163ஆம் பக்கத்தைக் கிழித்து அனுப்பினால் புத்தகத்தின் விலையைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு பதிப்பகமே அறிவித்தது. இப்படியும் நடந்திருக்கிறது.

ஜேம்ஸ் ஃப்ரே என்ற அமெரிக்கர் தன் குடி, போதை நாட்களையும் மறுவாழ்வு மையத்தில் கழித்த வாரங்களையும் பற்றி 2003இல் எழுதிய நினைவுக்குறிப்பு ‘எ மில்லியன் லிட்டில் பீசஸ்’. அதில் மேற்கோள் குறிகள் கிடையாது. எந்த வாக்கியம் வாயிலிருந்து வந்தது, எது மனத்துக்குள் ஓடியது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நினைத்த சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்து போட்டிருப்பார். தமிழில் அந்த வசதியே இல்லாததால், மொழிபெயர்ப்பவர் தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

2005 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே தன் வாசகர் வட்டத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்தார். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. 2006 ஜனவரியில் ‘தி ஸ்மோக்கிங் கன்’ என்ற இணையதளம் போலீஸ் ஆவணங்களைத் தோண்டி எடுத்தது. ஃப்ரே 87 நாட்கள் சிறையில் இருந்ததாக எழுதியிருந்தார். உண்மையில் காவலில் இருந்தது சில மணி நேரம். முதலில் அவருக்குப் பரிந்து பேசிய ஓப்ரா, அதே மாதக் கடைசியில் அவரை மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். வாசகர்கள் வழக்குப் போட்டார்கள்.

அதன் முடிவில் வந்ததுதான் 163ஆம் பக்க ஏற்பாடு. கெட்டி அட்டைப் பிரதி என்றால் அந்தப் பக்கம், மலிவுப் பதிப்பு என்றால் முன் அட்டை. கூடவே, ‘உண்மை தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்’ என்ற உறுதிமொழி. பணம் கேட்டு வந்தவர்கள் 1,729 பேர்.

[திரையில்: 1,729 என்ற எண்]

அவ்வளவுதானா? மற்றவர்களுக்குச் சோம்பல் என்று சொல்லலாம். புத்தகத்தைக் கிழிக்க மனம் வராதவர்களும் இருந்திருப்பார்கள். எனக்கு வேறொரு விளக்கம் அண்ணா நகர் டவர் பூங்காவில் கிடைத்தது.

ஞாயிறு காலைகளில் நாங்கள் ஆறு பேர் அங்கே கூடிப் புத்தகம் பேசுவோம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் கொதித்துப்போயிருந்தார். “பொய்க் கணக்கு சார் இது. நாவல் என்று போட்டிருந்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை.” நியாயமான பேச்சு. இருதுருவ மனநோய்க்கு மருந்து சாப்பிடும் இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “உடம்பு மோசமாக இருந்தபோது என் தலைக்குள்ளும் மேற்கோள் குறி இல்லை. அம்மா சொன்னது எது, நானே எனக்குச் சொல்லிக்கொண்டது எது என்று பிரிக்க முடியாது. அந்த நடையை மட்டும் நான் நம்புகிறேன்.”

இங்கே கொஞ்சம் அறிவியல். ஒரே மூச்சில் நிறையக் குடிக்கும்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி புது நினைவுகளைப் பதிவதை நிறுத்திவிடுகிறது. மனிதர் நடப்பார், பேசுவார், சண்டையும் போடுவார். ஆனால் எதுவும் பதிவாகாது. மறுநாள் யோசித்தால் வராது; அங்கே மறந்துபோக ஒரு நினைவே இல்லை. குடிநோயை வரிசைமாறாமல், தேதிவாரியாக எழுதிய புத்தகத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஆனால் இது ஃப்ரேக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. சில மணி நேரம் 87 நாட்களாக வீங்கியது நினைவு தவறியதால் அல்ல.

பதினெட்டு வருடம் ஒரு குடிநோயாளியோடு குடும்பம் நடத்திய அக்கா ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. அதுவரை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். “குடிக்கிறவர் சொல்லும் கணக்கை எந்த வீட்டில் அப்படியே நம்பினார்கள்? இரண்டு என்றால் ஆறு. பஸ் கிடைக்கவில்லை என்றால் அதற்கும் ஆறு. எனக்கு உண்மை தெரிய வேண்டும் என்றால் அடகுக்கடை ரசீதைப் பார்ப்பேன்.”

அவருக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். குடியிலிருந்து மீள மையம் சொல்லித்தரும் ‘பன்னிரண்டு படிகள்’ என்ற வழிமுறை எனக்கு வேண்டாம், மனஉறுதி போதும் என்கிறார் ஃப்ரே. “எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லித் திடீரென்று நிறுத்தினார். மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன்.”

அக்கா சொன்னது மருத்துவ உண்மை. நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரே போகலாம். நிறுத்துவதையும் மருத்துவக் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். சிறைக் கணக்கைப் பெருக்கியதால் எந்த வாசகரின் உயிருக்கும் ஆபத்தில்லை. மனஉறுதி போதும் என்பதை நம்பி ஒருவர் வீட்டிலேயே முயன்று பார்த்தால் ஆபத்து.

[திரையில்: அடையாறு, இந்திரா நகர்த் தெரு]

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. அக்காவும் தன் வீட்டுக்காரரோடு ஒரு மையத்தில் அப்படி உட்கார்ந்தவர்தான். “பதினெட்டு வருடத்தில் ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்’ என்று என்னைக் கேட்டது அங்கேதான்” என்றார்.

அடுத்த வாரம் அக்கா என் பிரதியைத் திருப்பித் தந்தார். ஃப்ரேயின் அப்பாவும் அம்மாவும் மையத்துக்கு வரும் பக்கங்களில் எல்லாம் பென்சில் கோடு. மற்றதை வேகமாகப் புரட்டிவிட்டதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து 163ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கோடு எதுவும் இல்லை.