அப்பாயிக்கு அரைப் பேர்

வணக்கம். காற்றுச் சத்தம் கூடுதலாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு மைக் எடுத்து வரவில்லை. இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்குப் பக்கத்தில், ஹட்டன் - நுவரெலியா ரோட்டோரமாக நிற்கிறேன். எனக்குப் பின்னால் சென்கிளயர் நீர்வீழ்ச்சி இருக்கிறது. மூட்டம் ஏறிவிட்டது, அதனால் நான் சொல்வதை நம்பிக்கொள்ளுங்கள். மகளை முன்பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன். 11.30க்குத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும். அதுவரைக்கும் பேசலாம்.

கையில் இருப்பது ஒரு பழைய சி.ஆர். கொப்பி. முன்பக்கம் நாலைந்து தாளில் கடைக் கணக்கு, பின்பக்கத்திலிருந்து மகள் பேசியது. அவளுக்கு இப்போது நாலு வயது. அவள் வாயிலிருந்து வந்ததை அன்றைக்கே, தேதி போட்டு, அதே சொல்லில் எழுதி வைக்கிறேன். ஏன் அப்படி அவசரப்படுகிறேன் என்பதற்கு ஒரு குடும்பச் சண்டை காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த இடத்தின் கதை. ஒரு நாள் இங்கே நின்றுதான் அருவியைக் காட்டினோம். அன்றைக்குத் தண்ணீர் மெலிந்து நூல் மாதிரி விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் அப்பாவிடம், "மேல யாரோ பைப்ப மூடிட்டாங்க. போய்த் தொறந்துட்டு வாங்கப்பா" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். பஸ்ஸில் போகும்போது அவர் மெதுவாக, "அவ சொன்னது சரிதானே" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான்! மேல் கொத்மலை அணை தலவாக்கலையில் இருக்கிறது, அருவிக்கு மேல்பக்கம். 2012ல் வேலை தொடங்கிய மின்நிலையத்துக்கு அங்கிருந்து 12 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தில் தண்ணீர் போகிறது. மிச்சம் விடுவதுதான் இங்கே விழுகிறது. நாங்கள் பெரியவர்கள் சிரித்தோம், பிள்ளை பொறியியல் பேசியிருக்கிறாள்.

அடுத்தது ரயில். ஹட்டனில் ஏறினோம், கொட்டகலைக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கம் வரும், தெரியும்தானே. உள்ளே போனதும் பெட்டி முழுக்க "ஹூ" என்று கத்தல். இவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். வெளிச்சம் வந்ததும் எழுந்து நின்று, "விடிஞ்சிருச்சு. நான் பல்லு வெளக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், கொப்பியில் அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் வேலை செய்யும் இடத்தில் இதை நான் சொல்லும்போது, "பிரஷ் எங்கம்மா?" என்று ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். சேர்த்தது எனக்கே தெரியவில்லை. கொப்பியைத் திறந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. சும்மா இருந்ததை நானே கெடுத்திருக்கிறேன்.

அட்டைக் கதை உங்களில் சிலர் கேட்டதுதான், பரவாயில்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் போனால் காலில் அட்டை ஏறாமல் வர முடியாது. அம்மா உடனே உப்பைப் போடுவார், அது சுருண்டு விழும். இதைத் தினமும் பார்த்த பிள்ளை. காய்ச்சல் என்று ஒருநாள் இரத்தம் எடுக்கப் போனோம். ஊசி ஏறுகிறது, குழாயில் இரத்தம் வருகிறது. இவள் அழவில்லை. இரத்தம் எடுத்த நர்ஸ் மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, உப்பு கொண்டாங்க!" என்றாள். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியும். கை நடுங்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் பட்ட பாடு!

பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் இவள் வயதுதான். அவள் கதவைத் தட்டினாள். யார் என்று கேட்டதற்கு "மம, மம" என்றாள். சிங்களத்தில் 'மம' என்றால் 'நான்'. இவள் கதவைத் திறந்து, அந்தப் பிள்ளைக்குப் பின்னால் ரோட்டு வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மாமா வரல. இவ மட்டும்தான் வந்திருக்கா" என்று எனக்கு அறிக்கை கொடுத்தாள். இப்போது அந்தப் பிள்ளை தட்டும்போதெல்லாம் எங்கள் வீட்டில் "மாமா வந்தாச்சு" என்போம்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, தேயிலைக் கொழுந்து எடுத்தார். தோட்டத்துக்கு வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஒரு கணக்கு இருக்கும், அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அது நிறைந்தால் பேர் விழும், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். மழை நாளில் அப்பாயி நனைந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே, "இன்னைக்கு அரைப் பேருதான் போட்டான்" என்றாராம். எனக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சாயந்தரம் முழுக்க நான் அவரை "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டேனாம். கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் என் அப்பா "என்னம்மா?" என்று வர, "உங்கள இல்ல, அப்பாயிய" என்றேனாம். அப்பாயியின் பேரில் பாதியைத்தானே வெட்டிவிட்டார்கள்!

இதில்தான் தகராறு. அம்மா சொல்வது, நான் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து சொன்னேன் என்று. பெரியத்தை சொல்வது, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், பேர் போடுகிற கணக்கப்பிள்ளைக்கு எதிரிலேயே சொன்னேன், அவர் சிரித்துவிட்டு முழுப் பேர் போட்டார் என்று. அந்தக் கடைசித் துண்டை நான் நம்பவில்லை. எங்கள் தோட்டத்தில் யாரும் சிரித்ததற்காகச் செக்ரோலை, அந்தப் பேர்ப் பதிவை, திருத்தியதில்லை. சின்னச் சித்தப்பாவோ, சொன்னதே நான் இல்லை, அவர் பிள்ளையாக இருந்தபோது அவர்தான் சொன்னார் என்கிறார். பேச்சு அங்கே போனால் ஒரு தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் ஓயாது.

எனக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தினது பெரும்பாலும் யாருக்கும் வளர்ந்த பிறகு நினைவிருக்காது. என் மகளுக்கும் ரயில் மறந்துபோகும், ஊசி மறந்துபோகும். சரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அப்பாயி. அவர் இருந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை. அவர் போனபிறகு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம்.

இதை அப்பாயி எப்படி எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு அடிக்கடி வரும் யோசனை. அரைச் சம்பளத்தோடு ஈரத்தில் வந்து நிற்கிறவருக்கு அது சிரிப்பாக இருந்திருக்குமா? அம்மாவிடம் கேட்டேன். "சிரிச்சாங்க. அப்புறம் ரொட்டி சுட்டாங்க" என்றார். அதையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன், அம்மா சொன்ன தேதியோடு.

மூட்டம் கொஞ்சம் விலகுகிறது, இதோ, அந்த வெள்ளைக் கோடு தெரிகிறதா? நேற்று இதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஆவி வருதே, யாரு தேத்தண்ணி போடுறா?" என்று கேட்டாள். அது இன்னும் கொப்பியில் ஏறவில்லை, பஸ்ஸில் எழுத வேண்டும். சின்னச் சித்தப்பா, நீங்கள் இதைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். கீழே வந்து சண்டை போடுங்கள், பதில் போடுகிறேன். ஹட்டன் பஸ் வருகிறது, வைக்கிறேன்.